பெர்சிஸின் அட்டையில் இரண்டாம் வரி

டிசம்பர் 1, திங்கள்

இவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குப் பரிசு பெற வேண்டியவர்கள் பதினொருவர். பட்டியலை இந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியுள்ளேன். ஒவ்வொரு பொதியிலும் பெறுபவரின் பெயர் தைத்த ஓர் அட்டை தொங்க வேண்டும் என்பது இவ்வீட்டின் நடைமுறை. ஒன்பதாம் வயதில் என் மகள் பெர்சிஸ் அதைத் தொடங்கினாள். தடித்த அட்டையில் ஊசியால் துளையிட்டு, வண்ண நூலால் பெயர்களைத் தைப்பாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்ததும் முன்னறையில் நின்று, அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அவளே பரிசுகளை வழங்குவாள். அவளுக்குரிய அட்டையை மட்டும் என் மனைவி பியூலா பேனாவால் எழுதி ஒட்டுவாள். பதினோர் ஆண்டுகள் இவ்வாறு நடந்துள்ளது.

"இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாங்க. கேக்கோட நிப்பாட்டிக்கிடுவோம்" என்றாள் பியூலா.

ஜூன் மாதம் முதல் பெர்சிஸுக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை. அட்டைகளை வேறு முறையில் செய்ய வேண்டும் என்பதற்கு அது காரணம், செய்யாமல் விடுவதற்கன்று. விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தில், நூல் முடிச்சுகளால் பெயர்களைத் தைப்பது என முடிவு செய்திருக்கிறேன். தைப்பவன் நான்.

அவள் என்னுடன் பேசி இன்றுடன் நூற்று நாற்பத்தொரு நாள்கள். அட்டைகளைக் கையில் எடுத்தால் ஒரு சொல்லாவது பேச நேரும்.

டிசம்பர் 2, செவ்வாய்

வாங்கியவை: தடித்த வெள்ளை அட்டை நான்கு தாள், வெள்ளை எம்பிராய்டரி நூல் ஆறு சுருள், சிவப்பு ஒரு சுருள், ஊசி ஒரு பொதி, சிவப்பு நாடா. பிரெய்ல் எழுத்து முறை குறித்த கையேட்டை, பார்வையற்றோர் பள்ளியின் ஆசிரியர் ஆறுமுகநயினாரிடம் இரவல் பெற்றேன். அவருக்கும் பார்வை இல்லை, பிறவியிலிருந்தே. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்.

ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள் வரை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் ஆறு மில்லிமீட்டர். உயரம் அரை மில்லிமீட்டர். அளவுகள் இவ்வளவு தெளிவாகக் கூறப்பட்டுள்ள ஒன்றைச் செய்வதில் சிரமம் இருக்க இயலாது.

டிசம்பர் 4, வியாழன்

சிரமம் இருக்கிறது. நூலை ஊசியில் இருமுறை சுற்றி, வந்த துளைக்கு அருகிலேயே ஊசியை இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு கழன்று பின்புறம் போய்விடுகிறது. 'பியூலா' என்னும் பெயருக்கு ஆறு கட்டங்கள். இரண்டரை மணி நேரம். விரலில் மூன்று குத்து. வெர்னியர் அளவியால் அளந்து பார்த்தேன். பெரும்பாலான முடிச்சுகள் அரை மில்லிமீட்டருக்குள் அடங்குகின்றன.

சமையலறையில் பெர்சிஸ் பேசியது காதில் விழுந்தது.

"யம்மா, உங்க ஆபீசர் ஹால்ல என்ன செய்யுதாரு? அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க 'ஸ்ஸ்'ங்காரு. பாம்பு கீம்பு வளக்காரா?"

"தைக்காருட்டி."

"தைக்காரா? எதை?"

பெர்சிஸ் சிரித்தாள். ஜூலைக்குப் பின் அவள் சிரிப்பைக் கேட்பது இதுவே முதல் முறை. நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் பின், முடிந்த நான்கு அட்டைகளை ஆறுமுகநயினாரிடம் கொண்டுசென்றேன். அவர் முதல் அட்டையைத் தடவினார், நிறுத்தினார், மீண்டும் தடவினார். இரண்டாவதை எடுத்தார். பிறகு உடல் குலுங்கச் சிரித்தார்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. முடிச்சு ஒவ்வொண்ணும் தராசுல நிறுத்த மாதிரி இருக்கு. ஆனா எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள இருந்து எழுதியிருக்கீங்க."

பிழை இதுதான்: பிரெய்ல் பலகையில் எழுதுபவர்கள் தாளின் பின்புறம், வலமிருந்து இடமாகக் குத்துவார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் எழுந்து நிற்கும். இடமிருந்து வலமாக வாசிக்கலாம். கையேட்டில் நான் பார்த்தது குத்துபவருக்கான படம். முடிச்சோ முன்புறத்திலேயே எழுகிறது. நான்கு பெயர்களையும் இடவலம் மாறித் தைத்திருக்கிறேன்.

"எழுதுறவன் பக்கத்துலயே நின்னுட்டீங்க. வாசிக்கிறவன் பக்கம் வரல" என்றார். பின்னர், "பாப்பாவுக்கு பிரெய்ல் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. கற்றுக்கொள்வாள்."

"அவ சொன்னாளா?"

"இல்லை."

"நான் ஆகஸ்ட்ல வந்தப்போ கதவையே தெறக்கல சார். உள்ள இருந்தே 'குருட்டு எழுத்து எனக்கு வேண்டாம், நீங்க போங்க'ன்னா. நானும் சரிம்மான்னுட்டு வந்துட்டேன். குருட்டுப் பயகிட்டயே அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேணும்லா?"

அதற்கும் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

டிசம்பர் 10, புதன்

நான்கும் புதிதாகத் தைக்கப்பட்டன. தவறான அட்டைகளை அழித்துவிட்டேன்.

பியூலா: "அவ எழுத்தே வேண்டாங்கா. நீங்க முடிச்சா போட்டுக்கிட்டு இருக்கீங்க. பக்கத்து ரூம்லதான இருக்கா? போயி ஒரு வார்த்த பேசுங்களேன்."

பேசுவதற்குரிய பொருள் எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

டிசம்பர் 13, சனி

முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்தார்கள். பெர்சிஸ் தரையில் அமர்ந்து உருண்டை பிடித்தாள். ஒவ்வொரு உருண்டையையும் தட்டில் வைக்குமுன் இடக்கையால் தட்டின் விளிம்பைத் தேடித் தொட்டுக்கொள்கிறாள். அவளுக்குத் தெரியாமல் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வாறு பார்ப்பது முறையன்று, ஆயினும் நின்றேன்.

சென்ற பிப்ரவரியில் அவள் சாப்பாட்டு மேசையின் ஓரத்திலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். மறுவாரமும் தட்டிவிட்டாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். "பார்த்து நட" என்று கண்டித்தேன். தலைவலி என்றும், கண் ஒரு மாதிரி இருக்கிறது என்றும் அப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது அட்டை முடிந்தது.

டிசம்பர் 17, புதன்

இன்று பழைய இரும்புக் கடை ஒன்றில் மேடைத் தராசைச் சோதித்து முத்திரையிட வேண்டியிருந்தது. எடை, அளவுக் கருவிகளுக்கு முத்திரையிடும் ஆய்வாளராக இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தட்டின் நடுவில் நூறு கிலோ வைத்தபோது தராசு நூறு காட்டியது. வலது பின் மூலையில் தொண்ணூற்றாறு. முத்திரை மறுத்தேன்.

கடைக்காரர் வாதாடினார். "நடுவுல வச்சா கரெக்டா காட்டுதுல்லா சார்? மூலையில கொண்டுபோயி எவன் வைக்கான்?"

"நடுவில் மட்டும் பார்த்துச் சான்று கொடுக்கக் கூடாது. நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் விதி" என்றேன்.

இவ்வாக்கியத்தை ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். இன்று சொல்லி முடித்ததும் அந்தத் தராசின் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய் நாற்காலி கொடுத்தார், தண்ணீர் தந்தார். "சர்க்கரையா சார்?" என்று கேட்டார்.

இந்தக் குறிப்பேட்டில் இதுவரை எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். சென்ற மார்ச் 11 அன்று பெர்சிஸின் கண்களை நானே சோதித்தேன். எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டினேன், எஃகு நாடாவால் ஆறு மீட்டர் அளந்து தரையில் கோடிட்டேன், வெளிச்சத்தைச் சரிசெய்தேன், வலக்கண்ணையும் இடக்கண்ணையும் தனித்தனியே சோதித்தேன். எல்லா வரிகளையும் பிழையின்றி வாசித்தாள். ஏப்ரலில் கல்லூரித் தேர்வு. கண் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று தீர்மானித்தேன்.

ஜூலை 13 அன்று மதுரை மருத்துவமனையில் மருத்துவர் விளக்கினார். மண்டைக்குள் நீரழுத்தம் கூடி, பார்வை நரம்பு நசிந்திருக்கிறது. இந்நோயில் பார்வை ஓரங்களிலிருந்து போகும். நடுப்பார்வை கடைசியில்தான் போகும். "மார்ச்ல ஒரு டாக்டர் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்திருந்தா போதும்" என்றார். பெர்சிஸ் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வரும் வழியில் காரில் அவள் பேசவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை.

நான் எடுத்த அளவில் பிழை இல்லை. நடுவில் மட்டும் எடுத்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஒன்பதாவது அட்டை.

டிசம்பர் 20, சனி

பத்து முடிந்தன. எஞ்சியிருப்பது அவளுடையது. ஆறுமுகநயினார் வீட்டுக்குச் சென்றேன். பத்தையும் தடவி, பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். ஒன்றிலும் பிழை இல்லை.

"'மன்னித்துவிடு' என்பதற்கு எத்தனை கட்டங்கள்?" என்று கேட்டேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "பதிமூணு. யாருக்கு சார்?"

"அலுவலகத்தில் ஒருவருக்கு."

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு பிரெய்ல்ல மன்னிப்பு!" என்றார். சற்றுப் பொறுத்து, குரலைத் தணித்து, "'மன்னிச்சிரு'ன்னு போட்டா ரெண்டு கட்டம் மிச்சம் சார். பேசுற மாதிரியும் இருக்கும்" என்றார்.

எழுத்தில் வருவது எழுத்துத் தமிழில் இருப்பதே முறை என்றேன்.

"அது சரி. ஆனா வாயால சொன்னா ஒரு கட்டமும் வேண்டாமே" என்றார்.

டிசம்பர் 22, திங்கள்

அலுவலகத்துக்கு விடுப்பு. பெர்சிஸின் அட்டை: முதல் வரி அவள் பெயர், எட்டுக் கட்டங்கள், நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். இரண்டாம் வரி பதின்மூன்று கட்டங்கள், எழுபத்தெட்டு மில்லிமீட்டர். ஓரம் முழுவதும் சிவப்பு நூலால் தைத்தேன். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடித்தேன். இரண்டாம் வரியில் ஏழு முடிச்சுகளை அறுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

பியூலா வந்து எட்டிப் பார்த்தாள். "மத்ததுல எல்லாம் ஒரு வரிதான? இதுல என்ன ரெண்டு?"

"வாழ்த்து" என்றேன்.

டிசம்பர் 24, புதன்

நட்சத்திரம் மாட்டினேன். பொதிகளில் அட்டைகளைக் கட்டினேன். பதினொன்று, எண்ணிச் சரிபார்க்கப்பட்டது.

டிசம்பர் 25, வியாழன்

ஆராதனைக்குப் பெர்சிஸ் வரவில்லை. நாங்கள் திரும்பியபோது பச்சைச் சேலை உடுத்தி முன்னறையில் அமர்ந்திருந்தாள். அம்மாவின் வற்புறுத்தலுக்காக என்று எண்ணுகிறேன். பியூலாவின் தம்பி குடும்பத்தார் ஐவரும் வந்திருந்தார்கள்.

பியூலா முதல் பொதியை அவள் மடியில் வைத்தாள். "அப்பா தைச்சது. தடவிப் பாரு."

பெர்சிஸ் அட்டையைப் பிடித்துத் தடவினாள். எல்லோரும் காத்திருந்தோம். அவள் விரல் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்குமாகப் போய் வந்தது.

"கடுகு ஒட்டுன மாதிரி இருக்கு" என்றாள் அம்மாவிடம். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அறியாத எழுத்து ஒன்றை, இருபத்தொரு நாள்கள், அரை மில்லிமீட்டர் சுத்தமாக அவளுக்காகத் தைத்திருக்கிறேன். அவள் விரல் அட்டையின் மீது நின்றபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

பட்டியலைப் பார்த்துப் பியூலா பெயர்களைச் சொன்னாள். பெர்சிஸ் எடுத்துக் கொடுத்தாள். ஒருவரும் சிரித்துப் பேசவில்லை. கடைசியாக அவளுடைய பொதி. அட்டையைத் தடவியவள், மறுபடி தடவினாள்.

"யம்மா, இதுல ரெண்டு வரி இருக்கு."

"அப்பாகிட்டக் கேளு."

பெர்சிஸ் அட்டையிலிருந்து விரலை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா" என்றாள். நூற்று அறுபத்தைந்தாம் நாள். "ரெண்டாவது வரியில என்ன எழுதியிருக்கீங்க?"

சொல்லியிருக்கலாம். அறையில் எண்மர் இருந்தோம். "படிச்சாத் தெரியும்மா" என்றேன்.

"படிக்காட்டா?"

நான் பியூலாவிடமிருந்து பட்டியலை வாங்கி மடித்தேன்.

"இதுவும் டெஸ்ட்டா அப்பா?" என்றாள், மிகவும் மெதுவாக. "எத்தன மீட்டர் தள்ளி நிக்கணும்? சொல்லுங்க, நின்னுக்கிடுதேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். பொதி நாற்காலியிலேயே இருந்தது. பின்னர் நான் அதை எடுத்து வைக்கப் போனபோது பொதியில் நாடா மட்டும் தொங்கியது. அட்டை இல்லை.

டிசம்பர் 26, வெள்ளி

பியூலா காலையில் என் எதிரே வந்து அமர்ந்தாள். "அந்த ரெண்டாவது வரி வாழ்த்து இல்ல. என்னன்னு எனக்குத் தெரியும். இருவத்திமூணு வருசம் உங்ககூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"தெரிந்தால் நல்லது."

"அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துல எழுதி வச்சா, சொன்னதா ஆயிருமா? அவ வாசிக்க மாட்டாங்கிற தைரியத்துலதான எழுதுனீங்க?"

மறுத்தேன். மறுத்தேன் என்பதை மட்டும் இங்கு பதிவு செய்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

பெர்சிஸ் ஆறுமுகநயினாரை வரச் சொல்லியிருக்கிறாள். வாரம் மூன்று நாள் வகுப்பு. கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். என்னிடம் அவள் மீண்டும் பேசவில்லை.

ஜனவரி 19, திங்கள்

வாசலில் அவரிடம் விசாரித்தேன்.

"நல்லாப் புடிச்சுக்கிடுதா சார். கோவத்துல படிக்கா. வேகமாப் படிக்கா."

"அந்த அட்டையை வாசித்தாளா?"

"எந்த அட்டை? எங்கிட்ட ஒண்ணும் காட்டலயே" என்றவர், செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, "உங்க ஆபீஸ்காரருக்கு அனுப்பியாச்சா சார்?" என்று கேட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பெர்சிஸ் இன்று ஆராதனைக்கு வந்தாள். பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூன்றடி பின்னால் நடந்தேன்.

மார்ச் 11, புதன்

அலுவலகத்திலிருந்து வந்தபோது பெர்சிஸ் முன்னறையில் தனியே இருந்தாள். பியூலா சந்தைக்குப் போயிருந்தாள். நான் காலணியைக் கழற்றும் ஓசை கேட்டு, "அப்பா, இன்னிக்குத் தேதி என்ன?" என்றாள்.

"பதினொன்று."

"போன வருச டைரிய எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தை ஜூலைக்குப் பின் நான் திறந்ததில்லை.

"வாசிங்க."

வாசித்தேன்: "பெர்சிஸ் கண் சோதனை. தூரம் ஆறு மீட்டர், எஃகு நாடாவால் அளந்தது. வலக்கண், இடக்கண், எல்லா வரிகளும் சரி. பார்வையில் குறை இல்லை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இல்ல. நீங்க மூச்சப் புடிச்சிட்டீங்க."

நான் வாசித்தேன்: "தேர்வுக்குப் பயந்து சொல்லும் சாக்கு."

அவள் தலையசைத்தாள். பொருள் ஒன்றைக் கையில் வாங்கிச் சரிபார்ப்பவர் அசைப்பது போல. "கையெழுத்தும் போட்டிருப்பீங்க."

"போட்டிருக்கேன்."

"அத அடிச்சிராதீங்க. அப்படியே இருக்கட்டும்."

நான் டைரியை மூடினேன். பிறகு, "அந்த ரெண்டாவது வரிய நான் ஜனவரியிலயே வாசிச்சிட்டேன்" என்றாள். "இப்ப வாயால சொல்லுங்க."

பதின்மூன்று கட்டங்கள் கொண்ட அந்தச் சொல் வாயில் வரவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன். அதை ஒரு முறையல்ல, சில முறை சொன்னேன், எண்ணவில்லை.

அவள் 'சரி' என்று சொல்லவில்லை. 'மன்னித்தேன்' என்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

முதல் வரியில் அவள் பெயர், நான் தைத்தபடியே வெள்ளையாக, எழுந்து நின்றது. இரண்டாம் வரியில் முடிச்சுகள் அழுக்கேறிப் பழுப்பாகி, அமுங்கி, அட்டையோடு அட்டையாகப் படிந்திருந்தன. இரண்டு மூன்று முடிச்சுகளில் நூல் பிய்ந்திருந்தது. எத்தனை முறை விரல் போனால் முடிச்சு இவ்வளவு தேயும் என்பது எனக்குத் தெரியவில்லை. பழக்கத்தால் மேசை இழுப்பறையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்தேன், அளக்காமல் வைத்துவிட்டேன்.

"தட்டையாயிட்டுல்லா?" என்றாள்.

"ஆமாம்மா."

"திரும்பப் போட்டுத் தாங்க. எனக்கு இன்னும் வாசிக்க வேண்டியிருக்கு."

ஊசியில் நூல் கோக்க இன்று நெடுநேரம் ஆயிற்று.